சவுக்காரமும் கிருபையின் சாதனமும்: 19ஆம் நூற்றாண்டு வணிக விளம்பரம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

புரூக்ளின் நகரத்துப் பிளிமத் சபையின் போதகராயிருந்த ஹென்றி வார்ட் பீச்சர், அமெரிக்கத் திருச்சபை வரலாற்றில் நன்கு அறியப்பட்டவர். அடிமை முறையை எதிர்த்துப் பிரசங்கித்தவர்; அவர் குரலைக் கேட்க ஆயிரக்கணக்கானோர் ஞாயிறுதோறும் திரண்டனர். ஆயினும் 1880களில் பத்திரிகைகளைப் புரட்டிய வாசகர் பலர் அவரைச் சந்தித்த இடம் பிரசங்கப் பக்கம் அன்று, சோப்பு விளம்பரமாகும். பியர்ஸ் சோப்புக்கு அவர் எழுதிக் கொடுத்த நற்சான்றின் வாதம் இவ்வாறு சென்றது: சுத்தம் தெய்வபக்திக்கு அடுத்ததாயின் சோப்பைக் கிருபையின் சாதனங்களுள் ஒன்றாகவே எண்ணவேண்டும், ஒழுக்கத்திற்குரியவற்றைப் பரிந்துரைக்கும் போதகர் சோப்பையும் பரிந்துரைக்கத் தயங்கலாகாது. தம் பரிந்துரையால் அந்தச் சோப்பு அமெரிக்காவில் பெருமளவில் விற்பனையானதாகத் தமக்குச் சொல்லப்பட்டது என்பதையும் அவர் அதில் மகிழ்ச்சியோடு குறிப்பிட்டார்.

இதை வேடிக்கைப் பேச்சென்று தள்ளிவிடலாம். பீச்சருக்கு வேடிக்கை கைவந்த கலை என்பதும் உண்மையே. எனினும் 'கிருபையின் சாதனம்' என்னும் சொற்றொடர் சீர்திருத்தத் திருச்சபைகளில் எளிதாகப் புழங்கிய சொல் அன்று. திருவசனம், திருவிருந்து, ஞானஸ்நானம், ஜெபம் ஆகியவற்றுக்கே உரியதாக அதைக் காத்து வந்தனர். அச்சொல் எவ்வழியாக ஒரு கடைச்சரக்கின் மேலுறைக்கு வந்து சேர்ந்தது என்பதையே இக்கட்டுரையில் ஆராய விழைகிறோம். பீச்சரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது எளிது. ஆனால் வரலாறு அதைவிடச் சிக்கலானது.

பெயரற்ற சரக்கு

விளம்பரம் பெருகுவதற்கு முன் வணிகம் எவ்வாறு நடைபெற்றது என்பதை முதலில் காண்போம். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்தின் மளிகைக் கடைக்குச் செல்லும் ஓர் ஏழைப் பெண் தேயிலை, சர்க்கரை, சோப்பு, கொக்கோ எதையும் பெயர் சொல்லிக் கேட்பதில்லை. தேயிலை பெட்டியிலும் சர்க்கரை கூம்பாகவும் இருந்தன. சோப்பு நீண்ட பாளமாக இருந்தது. கடைக்காரர் வெட்டி, நிறுத்து, தாளில் சுற்றிக் கொடுத்தார். சரக்கின் தரத்தை அறிந்தவர் கடைக்காரருக்குச் சரக்களித்த மொத்த வியாபாரியே. எதை வாங்குவது, எதனோடு எதைக் கலப்பது, யாருக்கு எவ்வளவு கடன் கொடுப்பது என்பவை அவர் கையிலிருந்தன. ஆக்குவோருக்கும் நுகர்வோருக்கும் நடுவே அவர் ஒரு மதில்போல நின்றார் எனலாம்.

அம்மதிலின் மறைவில் நடந்தவை நற்செயல்கள் மட்டும் அல்ல. 1851 முதல் 1854 வரை மருத்துவர் ஆர்தர் ஹில் ஹஸ்ஸல் இலண்டன் கடைகளில் வாங்கிய உணவுப் பொருள்களை நுண்நோக்கியின் கீழ் ஆராய்ந்து, 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் தொடர்ந்து வெளியிட்டார். காப்பியில் சிக்கரி வேர், ரொட்டியில் படிகாரம், மிட்டாய்களில் ஈய வண்ணம் என அவர் கண்டவை மக்களைத் திடுக்கிடச் செய்தன. அவ்வறிக்கைகளின் விளைவாக 1860, 1872, 1875 ஆகிய ஆண்டுகளில் கலப்படத் தடைச் சட்டங்கள் பிறந்தன. கள்ளத் தராசைப் பற்றித் தீர்க்கதரிசி ஆமோஸ் பேசியதைப் பிரசங்கிப்பவர்கள், இத்தொடரையும் ஒருமுறை நினைவிற் கொள்வது நலம்.

இச்சூழலில், பெயர் பொறித்த பொட்டலம் ஒரு நேர்மைச் செயலாகவே தோன்றியது. குவேக்கர் சபையைச் சேர்ந்த ஜான் ஹார்னிமன் 1826ஆம் ஆண்டிலேயே தேயிலையை முத்திரையிட்ட பொட்டலங்களில் விற்கத் தொடங்கினார். பொட்டலத்தைத் திறவாமல் எதையும் கலக்க முடியாது. அக்காரணத்தாலேயே மளிகைக்காரர் பலர் அதை விரும்பவில்லை. அவர் மருந்துக் கடைகளையும் மிட்டாய்க் கடைகளையும் நாட வேண்டியதாயிற்று.

பர்மிங்காமின் காட்பரி சகோதரர் கதை இன்னும் பொருள் பொதிந்தது. குவேக்கர்களான ரிச்சர்டும் ஜார்ஜும் 1861இல் தந்தையின் நிறுவனத்தை ஏற்றபோது, பிறரைப் போலவே அவர்களும் உருளைக்கிழங்கு மாவும் சவ்வரிசி மாவும் கலந்த கொக்கோவையே விற்றுவந்தனர். 1866இல் டச்சு நாட்டு அழுத்துபொறியைக் கொண்டு கொழுப்பை நீக்கிக் கலப்பற்ற கொக்கோவை வெளியிட்டனர். அது முற்றிலும் தூயது, ஆதலால் சிறந்தது என்பதே அவர்கள் விளம்பரத்தின் சாரம். அதில் பொய்யில்லை. யார்க் நகரத்து ஜோசப் ரவுன்ட்ரீயோ விளம்பரத்தையே நெடுங்காலம் வெறுத்தார்; நல்ல சரக்கு தன்னைத் தானே விற்றுக்கொள்ளும் என்பது அவர் எண்ணம். அவருடைய நிறுவனமும் இறுதியில் இணங்கிற்று. 1897இல் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் படகுப் போட்டியின்போது கொக்கோ விளம்பரம் போர்த்திய ஒரு படகு தேம்ஸ் நதியில் மிதந்தது.

இங்கு ஒன்றைக் கவனிக்கவேண்டும். 'தூய்மை' என்னும் சொல் இக்கட்டத்தில் சரக்கின் பண்பையே குறித்தது. அதை ஆய்வுக்கூடத்தில் சோதித்தறியலாம். அச்சொல் அவ்விடத்தில் நிலைத்து நிற்கவில்லை என்பதுதான் நம் வரலாறு.

மொத்த வியாபாரியின் மகன்

1853ஆம் ஆண்டு கிளாட்ஸ்டன் நிதியமைச்சராயிருந்த காலத்தில் இரண்டு வரிகள் நீங்கின: ஒன்று சோப்பு வரி, மற்றொன்று விளம்பர வரி. 1861இல் தாள் வரியும் ஒழிந்தது. 1875இல் வணிகக் குறிகளைப் பதிவு செய்யும் சட்டம் வந்தது. களம் இவ்வாறு ஆயத்தமாயிருந்தபோது, லங்காஷயரில் போல்ட்டன் என்னும் நெசவாலை நகரத்தில் ஜேம்ஸ் லீவர் என்ற மொத்த மளிகை வியாபாரியின் மகன் தந்தையின் தொழிலில் வளர்ந்துகொண்டிருந்தார். குடும்பம் காங்கிரிகேஷனல் சபையைச் சேர்ந்தது. நாகர்கோவிலிலும் சேலத்திலும் கோயம்புத்தூரிலும் ஊழியம் செய்த இலண்டன் மிஷனெரி சங்கத்தைப் பெரும்பாலும் தாங்கி வந்த அதே சபைப் பிரிவு அது என்பதை நம் வாசகர் அறிவர்.

வில்லியம் ஹெஸ்கெத் லீவர் 1867இல், 16 வயதில், தந்தையின் கடையில் சேர்ந்து சோப்புப் பாளங்களை வெட்டிச் சுற்றிப் பழகினார், 1872இல் பங்காளியானார். 1884இல் தமக்கென ஒரு சோப்புப் பெயரைத் தேடியபோது, லிவர்பூலில் காப்புரிமை முகவர் ஒருவர் தாளொன்றில் சில பெயர்களை எழுதிக் கொடுத்தார். அவற்றுள் ஒன்று 'சன்லைட்'. முதலில் அதில் மனம் பற்றவில்லை. சில நாள்களுக்குப் பின்னரே அதுதான் என்று விரைந்து சென்று பதிவு செய்தார். சரக்கு ஆயத்தமாகுமுன்பே பெயர் பதிவாயிற்று! தொடக்கத்தில் பிறர் செய்த சோப்பையே அப்பெயரில் விற்றார். 1885இல் வாரிங்டனில் ஓர் ஆலையைக் குத்தகைக்கு எடுத்தார். 1888இல் உற்பத்தி வாரத்திற்கு 450 டன்னை எட்டியது. அவ்வாண்டிலேயே போர்ட் சன்லைட் என்னும் தொழிலாளர் கிராமத்திற்கு அடித்தளம் இடப்பட்டது.

மொத்த வியாபாரியாயிருந்ததால் அத்தொழிலின் வலுவின்மையை அவர் நன்கு அறிந்திருந்தார். ஒரு வட்டாரத்திற்கு அப்பால் மற்ற மொத்த வியாபாரிகள் போட்டியாளரின் சரக்கை ஏன் எடுப்பர்? அவர்களைத் தாண்டி, வாங்கும் பெண்ணிடமே நேராகப் பேசிவிட்டால் அவள் கடைக்காரரிடம் பெயர் சொல்லிக் கேட்பாள்; கடைக்காரர் மொத்த வியாபாரியிடம் கேட்பார். இருநூறு ஆண்டுகளாக மேலிருந்து கீழே ஓடிய ஆறு இப்போது கீழிருந்து மேலே ஓடலாயிற்று. இரயில் நிலையங்களில் எனாமல் தகடுகள், பத்திரிகைகளில் பக்கங்கள், மேலுறைகளைச் சேர்த்து அனுப்புவோருக்குப் பரிசுகள் என அவர் செய்தவை அனைத்தும் இதற்காகவே. பெண் ஆணைவிட விரைவில் முதுமை எய்துவது ஏன் என்று கேட்ட அவரது புகழ்பெற்ற விளம்பரம், துவைக்கும் தொட்டியில் வாடிய உழைக்கும் பெண்ணை நோக்கிப் பேசியது. அவளது துன்பம் மெய்யானது. சோப்பும் ஓரளவு உதவியது. ஆனால் விடுதலை என்ற ஒன்றை வாக்களிக்கும் தொனியும் அங்கே தொடங்கிவிட்டது என்பது நம் கருத்து.

பியர்ஸ் நிறுவனத்தின் தாமஸ் பாரட் வேறு வகையினர். 1865இல் அந்நிறுவனத்தில் சேர்ந்து, முதலாளியின் மகளை மணந்தவர். ஓவியர் மில்லே 1886இல் தம் பேரன் குமிழி ஊதுவதை வரைந்த படத்தை 2,200 பவுனுக்கு உரிமையோடு வாங்கி, அதில் சோப்புக் கட்டியொன்றையும் சேர்த்து வரையச் செய்தார். அவரைப் பற்றிய ஒரு செய்தி வேதமாணவருக்குச் சுவையூட்டும். அக்காலத்தில் பிரெஞ்சு நாட்டு 10 சென்டீம் செப்புக்காசு இங்கிலாந்தில் பென்னியாகச் செல்லுபடியாயிற்று. அவர் 250,000 காசுகளைத் தருவித்து அவற்றில் பியர்ஸ் பெயரைப் பொறித்துப் புழக்கத்தில் விட்டதாகவும், பின்னர் அந்நியக் காசுகளைத் தடுக்கச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று என்றும் கூறுவர். 'இந்தச் சொரூபம் யாருடையது' என்ற கேள்வியை அக்காசைக் காட்டிக் கேட்டிருந்தால் என்ன விடை கிடைத்திருக்குமோ!

நம் பக்கங்களும்

வணிகர்கள் திருச்சபையின் சொற்களைத் திருடிக்கொண்டனர் என்று சொல்லித் தப்பிக்க இயலாது, நாமே கொடுத்தோம். அமெரிக்காவின் பெரும் விளம்பர முகமைகளுள் ஒன்று 1869இல் பிலடெல்பியாவில் தோன்றியது. அதை நிறுவிய பிரான்சிஸ் வேலண்ட் அயர் பக்திமிக்க பாப்டிஸ்டு இளைஞர். அவரிடமிருந்த முதல் 250 டாலர். அவர் முதன்முதல் விளம்பர இடம் விற்றது சமய வார இதழ்கள் பதினொன்றில். குடும்பங்கள் அவ்விதழ்களை நம்பின. ஆதலால் அவற்றின் பக்கத்திலிருந்தவற்றையும் நம்பின. சர்வரோக நிவாரணி விற்போர் அந்நம்பிக்கையை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டனர். தலையங்கத்தில் மதுவிலக்கை வலியுறுத்திய இதழே பின்பக்கத்தில் சாராயம் கலந்த 'டானிக்கை'ப் பரிந்துரைத்த காட்சி அக்காலத்தில் அரிதன்று.

பீச்சர் மேற்கோள் காட்டிய சுத்தம் பற்றிய முதுமொழியையும் சற்று நோக்கவேண்டும். ஜான் வெஸ்லி அதை உடையைப் பற்றிய தம் பிரசங்கத்தில் எடுத்தாண்டார். கந்தையும் அழுக்கும் பக்திக்கு அடையாளமல்ல என்பதே அங்கு அவர் வாதம்; துவைப்பதால் இரட்சிப்பு உண்டென்பதன்று. இதற்கு நேர் எதிர்ப்புறத்தில் எரேமியா 2:22 நிற்கிறது. அங்கே நம் தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் உவர்மண்ணையும் சவுக்காரத்தையும் அடுத்தடுத்து வைத்துள்ளனர். வண்ணார் கையாண்ட பொருளை அறிந்தவர்கள் தெரிந்துகொண்ட சொற்கள் அவை. எவ்வளவு சவுக்காரம் பூசினும் அக்கிரமத்தின் கறை நீங்காது என்பது தீர்க்கதரிசியின் செய்தி. பீச்சர் இவ்வசனத்தை அறியாதவர் அல்லர்.

தூய்மையின் மூன்றாம் பொருள்

முதலில் சரக்கின் பண்பாயிருந்த தூய்மை, பின்னர் வாங்குபவரின் மதிப்பாயிற்று. தூய சோப்பை வைத்திருக்கும் வீடே ஒழுக்கமுள்ள வீடு. அடுத்த அடி இனத்தின்மேல் விழுந்தது. 1880களில் வெளிவந்த பியர்ஸ் விளம்பரமொன்றில் கறுப்பினக் குழந்தை தொட்டியில் குளித்து எழுகையில், முகம் தவிர உடல் முழுதும் வெண்மையாகிறது. ஸ்பெயினிடமிருந்து பிலிப்பைன்ஸ் தீவுகளை அமெரிக்கா கைப்பற்றிய பின்னர் 1899இல் வந்த விளம்பரத்தில் கடற்படைத் தலைவர் டியூயி கப்பலறையில் கைகழுவுகிறார். ஓரத்தில் கறுத்த மனிதர் ஒருவர் முழந்தாளிட, வெள்ளையர் ஒருவர் அவருக்குச் சோப்பு வழங்குகிறார். வெள்ளையரின் சுமையை இலேசாக்கும் முதல் அடி சுத்தத்தைக் கற்பித்தலே என்பது அதன் வாசகக் கருத்து. அச்சிறு சித்திரத்தைக் காணும்போது திருமுழுக்குக் காட்சியொன்றே நினைவுக்கு வருகிறது. ஞானஸ்நானத் தொட்டி நின்ற இடத்தில் சோப்புக் கட்டி இருக்கிறது. கிருபையின் சாதனம் என்று பீச்சர் சிரித்துக்கொண்டே கூறியதை இவர்கள் சிரிக்காமல் வரைந்தனர்.

சன்லைட் சோப்புப் பெட்டிகள் 1888இலேயே கல்கத்தாத் துறைமுகத்தில் இறங்கின. இங்கிலாந்தில் லீவர் சகோதரர் செய்தது என்ற எழுத்து கட்டிகளில் பொறிக்கப்பட்டிருந்தது. அந்தச் சோப்புக்கு வேண்டிய எண்ணெயைத் தேடி லீவர் பிற்காலத்தில் ஆப்பிரிக்காவுக்குச் சென்றார். மன்னர் லியோபோல்டின் கொடுமைகளை ஆலிஸ் ஹாரிஸ் போன்ற மிஷனெரிகள் நிழற்படங்களால் உலகிற்குக் காட்டியதன் பயனாக 1908இல் காங்கோ பெல்ஜிய அரசின் கைக்கு மாறியது. மூன்றே ஆண்டுகளில், 1911இல், அவ்வரசுடன் லீவர் ஒப்பந்தம் செய்து 750,000 ஹெக்டேர் வரை எண்ணெய்ப்பனை நிலங்களுக்கு உரிமை பெற்றார். பள்ளிகளும் மருத்துவமனைகளும் வாக்களிக்கப்பட்டன. பனங்குலை வெட்ட ஆள்களைத் திரட்டியதோ அரசின் கட்டாயமும் தலைவர்கள்மேல் செலுத்திய அழுத்தமுமே. போர்ட் சன்லைட்டில் 1904இல் அவர் கட்டி முடித்த காங்கிரிகேஷனல் ஆலயம் இன்றும் அழகுடன் நிற்கிறது. 1925இல் மறைந்த அவரும் அவர் மனைவியும் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். அவருடைய பக்தி வேடமென்று நாம் கருதவில்லை. தம் தொழிலாளருக்குத் தோட்டத்தோடு கூடிய வீடு கட்டிக் கொடுத்தவரே அவர். போர்ட் சன்லைட்டின் கண்ணுக்கு லீவர்வில் எட்டாத தொலைவில் இருந்தது.

வரலாறு பயிலும் மாணவருக்கு ஒரு சொல். பழைய சமய இதழ்களைத் தொகுத்துக் கட்டியபோது, விளம்பரத் தாள்களையும் அட்டைகளையும் நீக்கிவிட்டே கட்டுவது நூலகங்களின் வழக்கமாயிருந்தது. பிரசங்கங்களும் தலையங்கங்களும் மட்டும் எஞ்சின. ஆகவே கட்டப்படாத தனி இதழ் எங்கேனும், ஒரு குருமனையின் பரணிலோ பழைய பெட்டியிலோ, கிடைக்குமாயின் அதன் பின்னட்டையைக் கிழித்தெறியாமல் நூலகத்தில் சேர்ப்பிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.