கும்பலும் குரலும்

கிறிஸ்துவின் மரணத்தைச் சொல்லும் பாஹின் ‘மத்தேயு பாடுகள்’ சேர்ந்திசையை எத்தனை பேர் பாடுவது? 1829இல் மெண்டல்ஸன் பெர்லினில் அதை மீட்டெடுத்தபோது 100க்கு மேற்பட்டோர் பாடினர், அதுவே மரபாயிற்று. 1939 ஏப்ரல் 2இல் ஆம்ஸ்டர்டாமில் மெங்கல்பெர்க் நடத்திய நிகழ்ச்சியின் ஒலிப்பதிவு அம்மரபின் உச்சம். பாஹின் காலத்தில் ஒரு பகுதிக்கு ஒருவரே பாடினர் என்று, எஞ்சிய இசைத்தாள்களைக் கொண்டு 1981இல் ரிஃப்கின் வாதிட்டார். மக்ரீஷின் 2003 இசைத்தட்டு அவ்வழிப்பட்டது.

பிலாத்து கேட்க, ஜனங்கள் ‘பரபாஸ்!’ என்று கத்தும் இடம். மெங்கல்பெர்க்கிடம் அது ஒரு சுவர். கத்தியது யார் என்று கேட்க முடியாது. மக்ரீஷிடம் தொண்டைகளை எண்ணிவிடலாம். சற்றுமுன் அழுத குரல்கள்தாம் அவை. கதை சொல்லும் சுவிசேஷகரின் குரலும் அவற்றில் ஒன்று.

ஆக்கிரமிப்புக் காலத்தில் ஜெர்மானியருடன் இணங்கிப்போனதற்காக மெங்கல்பெர்க் 1945இல் நெதர்லாந்து மேடைகளிலிருந்து விலக்கப்பட்டார். அதை வைத்து 1939 பதிவைத் தள்ளுவது மலிவான விமர்சனம். அதிலுள்ள துக்கம் அசலானது. ஆயினும் நான் திரும்பத் திரும்பக் கேட்பது மக்ரீஷைத்தான். ரிஃப்கின் கிளப்பிய சர்ச்சை இன்னும் ஓயவில்லை. என் தேர்வு அதன் தீர்ப்புக்குக் காத்திருக்கவுமில்லை. கும்பலுக்குள் ஒளிந்துகொள்ள மக்ரீஷ் யாருக்கும் இடம் வைக்கவில்லை, கேட்கிற எனக்கும்.