கிளப் கவிழ்ந்தால் பழி வீரர்களின் சம்பளத்துக்கா? சென்னையின் எஃப்சி முதல் ஐதராபாத் வரை நடந்தது என்ன?

மரக்காணம் உப்பளங்களில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு ஒன்று உண்டு. ஐப்பசி மழை இறங்கினால் பாத்தியில் வேலை கிடையாது. வேலை இல்லையென்றால் கூலியும் கிடையாது. மழை வருவது யாருடைய தப்பும் இல்லை. அதனால்தான் உற்பத்தி இல்லாத அந்த மாதங்களுக்கு உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தரும் திட்டத்தைத் தமிழக அரசு கொண்டுவந்தது.

அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 120 கிலோமீட்டர் வடக்கே இருக்கும் சென்னையில், 2025 ஆகஸ்ட்டில் இன்னொரு சீசன் தொழிலும் நின்றது. இரண்டு முறை ஐஎஸ்எல் கோப்பையை வென்ற சென்னையின் எஃப்சி, தன் நடவடிக்கைகளைத் தற்காலிகமாக நிறுத்துவதாக அறிவித்தது. அதே வாரத்தில் பெங்களூரு எஃப்சி, முதன்மை அணி வீரர்கள், ஊழியர்களின் சம்பளத்தைக் காலவரையின்றி நிறுத்தியது. ஒடிசா எஃப்சி இன்னும் ஒரு படி மேலே போய் ஒப்பந்தங்களையே நிறுத்தி வைத்தது.

உடனே சமூக வலைதளங்களில் ஒரு பேச்சு கிளம்பியது. 'கோடிக்கணக்கில் சம்பளம் கொடுத்தால் கிளப் எப்படித் தாங்கும்? உலகத் தரவரிசையில் எங்கேயோ இருக்கிற நாட்டு வீரர்களுக்கு இவ்வளவு எதுக்கு?' கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் உப்பளத்து மழைக்கும் ஐஎஸ்எல் நின்றதற்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. இந்த மழை எந்தத் தேதியில் வரும் என்பது 15 வருடங்களுக்கு முன்பே காகிதத்தில் எழுதப்பட்டிருந்தது.

முடிவுத் தேதி எல்லோருக்கும் தெரியும்

அகில இந்திய கால்பந்து சம்மேளனமான ஏஐஎஃப்எஃப், 2010-ல் ரிலையன்ஸ் தரப்புடன் ஒரு வணிக உரிமை ஒப்பந்தம் போட்டது. பிறகு அது எஃப்எஸ்டிஎல் என்ற நிறுவனத்தின் கைக்கு வந்தது. ஐஎஸ்எல் போட்டியை நடத்துவது, ஒளிபரப்பை விற்பது, ஸ்பான்சர் பிடிப்பது எல்லாம் அந்த நிறுவனத்தின் வேலை. பதிலுக்குச் சம்மேளனத்துக்கு ஆண்டுக்கு 50 கோடி ரூபாய். ஒப்பந்தம் முடியும் நாள் 2025 டிசம்பர் 8.

சீசன் செப்டம்பரில் தொடங்கினால் மூன்று மாதத்தில் ஒப்பந்தம் முடிந்துவிடும். அதற்குப் பிறகு யார் நடத்துவது, வருமானம் எப்படிப் பிரியும் என்று தெரியாது. சம்மேளனத்தின் விதிமுறை வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருந்ததால் புதிய ஒப்பந்தம் பேசவும் தடை வந்தது. 2025 ஜூலையில் எஃப்எஸ்டிஎல், சீசனை நிறுத்தி வைப்பதாகக் கிளப்களுக்குச் சொல்லிவிட்டது. செப்டம்பரில் தீர்ப்பு வந்த பிறகு ஆண்டுக்குக் குறைந்தது 37.5 கோடி ரூபாய் என்ற நிபந்தனையோடு டெண்டர் விட்டார்கள். நவம்பர் 7 வரை ஒருவர்கூட விண்ணப்பிக்கவில்லை.

இதில் வீரர்களின் கையெழுத்து எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை. ஆனால் இந்தத் தேதியைத் தாண்டி ஓடும் பல ஆண்டு ஒப்பந்தங்களை வீரர்களுக்குக் கொடுத்தது கிளப் நிர்வாகங்கள். முடிவுத் தேதி தெரிந்தே கொடுத்தார்கள். லீக் எப்படியும் தொடரும் என்ற நம்பிக்கையில்தான் மொத்தக் கட்டடமும் நின்றது.

சம்பளம் அதிகம் என்பது பொய்யா?

பொய் இல்லை. ஒரு கிளப்பின் செலவில் பெரிய துண்டு சம்பளம்தான். அது ஏன் ஏறியது என்பதைப் பார்க்க வேண்டும்.

ஐஎஸ்எல் விதிப்படி ஒரு கிளப் ஆறு வெளிநாட்டு வீரர்கள் வரை வைத்துக்கொள்ளலாம். களத்தில் ஒரே நேரத்தில் நான்கு பேர்தான் ஆட முடியும். அப்படியானால் மீதி ஏழு பேர் இந்தியர்களாக இருந்தே தீர வேண்டும். 2024-25-ல் 13 கிளப்கள். பெருக்கிப் பார்த்தால் 91 இடங்கள். ஆனால் இந்த மட்டத்தில் நம்பி இறக்கக்கூடிய இந்திய வீரர்கள் அந்த அளவுக்கு இருக்கிறார்களா? அகாடமிகளில் போதுமான முதலீடு இல்லாததால் ஆள் குறைவு. ஆள் குறைவு, தேவை அதிகம் என்றால் விலை ஏறத்தான் செய்யும். கத்திரி வெயிலில் இளநீர் விலை ஏறுகிற மாதிரிதான்.

அந்த விலையை ஏற்றியது ஒரு கிளப்புக்கு எதிராக இன்னொரு கிளப் கேட்ட ஏலம். சம்பள உச்சவரம்பு ஒன்று லீக்கில் இருந்தது. சில சீசன்களில் அது 16.5 கோடி ரூபாய். வரம்பு போட்டும் அதன் விளிம்பு வரை செலவு செய்ததும் நிர்வாகங்களே. வருமானப் பக்கம் பார்த்தால் டிக்கெட் விற்பனை சொற்பம், ஸ்பான்சர் பணம் நிலையில்லாதது, மீதி ஓட்டையை உரிமையாளர் தன் பையிலிருந்து அடைக்கிறார். உரிமையாளர் கையை இறுக்கிய அன்றே கிளப்பும் நின்றுவிடும். இப்படி ஒரு அமைப்பில் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்தாலும் நஷ்டம் வருகிற நாள் தள்ளிப்போகுமே தவிர வராமல் போகாது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. கோடி வாங்குகிறவர்கள் அணியில் சிலர். ரிசர்வ் பெஞ்சில் இருக்கும் இளைஞர், பிசியோ, ஜெர்சி துவைத்து அடுக்குகிறவர், பஸ் ஏற்பாடு செய்கிறவர் எல்லோருக்கும் அதே உத்தரவுதான் பொருந்தும். நட்சத்திர வீரருக்குச் சேமிப்பு இருக்கும். மற்றவர்களுக்கு அடுத்த மாத வாடகை இருக்கிறது.

லீக் ஓடும்போதே சம்பளம் நின்ற கதைகள்

எல்லாவற்றுக்கும் லீக் நின்றதுதான் காரணம் என்று சொல்லவும் முடியாது. ஐதராபாத் எஃப்சி 2022 மார்ச்சில் கேரளா பிளாஸ்டர்ஸை பெனால்டியில் வீழ்த்தி ஐஎஸ்எல் சாம்பியன் ஆனது. அடுத்த இரண்டே வருடத்தில் சம்பள பாக்கி, ஃபிஃபாவின் தடை, வெளிநாட்டு வீரர்கள் பாதியில் வெளியேற்றம். 2023-24 சீசனின் பெரும்பகுதியை பயிற்சியாளர் தாங்போய் சிங்டோ இளம் இந்திய வீரர்களை வைத்தே ஓட்டினார். அணி கடைசி இடம் பிடித்தது. தோல்விப் பட்டியலில் பதிவானது சம்பளம் வராமல் ஆடிய அந்தப் பையன்களின் பெயர்கள்தான். பிறகு உரிமை கைமாறி, 2025-ல் அந்த அணி ஊரையும் பெயரையும் மாற்றிக்கொண்டு டெல்லிக்குப் போய்விட்டது.

கொல்கத்தாவின் முகமதன் ஸ்போர்டிங் 100 வருடங்களுக்கு மேல் பழமையான கிளப். ஐஎஸ்எல்லில் அதன் முதல் சீசனான 2024-25-லேயே சம்பளம் வராததால் வீரர்கள் பயிற்சிக்கு வர மறுத்தார்கள். அந்த அணியும் கடைசி இடம்தான். தமிழ்நாட்டில் சென்னை சிட்டி எஃப்சியை மறக்க முடியாது. 2019 மார்ச்சில் கோவை நேரு ஸ்டேடியத்தில் ஐ-லீக் கோப்பையைத் தூக்கிய அணி அது. சுவிட்சர்லாந்தின் எஃப்சி பாசல் 26 சதவீதப் பங்கு வாங்கியது. 2021-22 ஐ-லீக்கில் அந்த அணி இல்லை.

சம்பளம் வராவிட்டால் வீரர் என்ன செய்யலாம்?

ஃபிஃபா விதிகளில் இதற்கு இடம் இருக்கிறது. இரண்டு மாதச் சம்பளம் பாக்கி என்றால், வீரர் கிளப்புக்கு எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்து 15 நாள் அவகாசம் தர வேண்டும். அப்போதும் பணம் வராவிட்டால் நியாயமான காரணத்தோடு ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு வெளியேறலாம், இழப்பீடும் கேட்கலாம். தீர்ப்பு வந்து 45 நாளில் கிளப் கட்டாவிட்டால் புதிய வீரர்களைப் பதிவு செய்யத் தடை. இது மூன்று டிரான்ஸ்பர் காலங்கள் வரை நீளலாம். கிளப் பெயரை மாற்றிக்கொண்டு புதுசாக வந்தாலும், அது பழைய கிளப்பின் வாரிசுதான் என்று ஃபிஃபா முடிவு செய்தால் பழைய கடன் கூடவே வரும்.

காகிதத்தில் நன்றாக இருக்கும் இந்த விதி, ஆளுக்கு ஆள் வேறு மாதிரி வேலை செய்கிறது. வெளிநாட்டு வீரர் நேராக ஃபிஃபாவின் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். இந்திய கிளப்போடு தகராறு உள்ள இந்திய வீரர் ஏஐஎஃப்எஃப் குழுவிடம்தான் போக வேண்டும். ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு ஸ்பெயினுக்கோ இந்தோனேசியாவுக்கோ போவது முதல் ஆளுக்குச் சாத்தியம். இரண்டாவது ஆளுக்கு, லீக்கே நடக்காத நாட்டில், எங்கே போவது?

ஒடிசா கிளப் சொன்ன காரணம் 'கைமீறிய சூழல்'. ஆங்கில ஒப்பந்தங்களில் ஃபோர்ஸ் மஜூர் என்று வரும். புயல், போர், கொரோனா மாதிரி யாராலும் தடுக்க முடியாத ஒன்று நடந்தால் ஒப்பந்தக் கடமை தற்காலிகமாக நிற்கும் என்பது அதன் பொருள். கொரோனா காலத்திலேயே ஃபிஃபா இதை எளிதாக ஒத்துக்கொள்ளவில்லை. கிளப் முதலில் வீரர்களோடு பேசிப் பார்த்ததா, கிளப்பின் நிதி நிலை என்ன, குறைப்பு அளவோடு இருக்கிறதா, கையில் வீரருக்கு என்ன மிஞ்சும், எல்லோருக்கும் ஒரே மாதிரி செய்தார்களா என்றெல்லாம் பார்க்கச் சொன்னது. தேதி தெரிந்த ஒரு ஒப்பந்தம் முடிவதைப் புயலோடு சேர்ப்பது கொஞ்சம் கஷ்டம்தான்.

கிளப் முழுதாகத் திவால் ஆனால்?

இந்தியாவின் 2016 திவால் சட்டத்தில் யாருக்கு முதலில் பணம் என்று வரிசை இருக்கிறது. நடைமுறைச் செலவுக்குப் பிறகு, தொழிலாளர்களின் 24 மாத பாக்கியும் அடமானம் வைத்துக் கடன் கொடுத்தவர்களும் சம இடத்தில். அதற்கு அடுத்துதான் மற்ற ஊழியர்களின் 12 மாத பாக்கி. அரசுக்குச் சேர வேண்டியது அதற்கும் கீழே. வீரர் எந்த இடத்தில் நிற்பார் என்பது சட்டம் அவரைத் 'தொழிலாளி'யாகப் பார்க்கிறதா என்பதைப் பொறுத்தது. ஆனால் இங்கே பெரும்பாலும் அந்தக் கட்டம்கூட வருவதில்லை. அணியை வேறு ஒருவருக்கு விற்பார்கள், அல்லது சத்தமில்லாமல் மூடிவிடுவார்கள்.

இங்கிலாந்தில் நிலைமை தலைகீழ். அங்கே வீரர்களின் சம்பளமும் மற்ற கிளப்களுக்கான கடனும் முழுதாகக் கட்டினால்தான் லீக்கில் தொடர முடியும். 2010-ல் போர்ட்ஸ்மத் கிளப் திவால் நடைமுறைக்குள் போனபோது, மைதானத்தில் முதலுதவி செய்த செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் தொண்டு அமைப்புக்கு 2,702 பவுண்ட் பாக்கி இருந்தது. கால்பந்துக் கடன்கள் முழுதாகக் கட்டப்பட, இப்படிப்பட்ட சின்னக் கடன்காரர்கள் வரிசையில் பின்னால் நின்றார்கள். வீரர்கள் மீது கோபம் திரும்பியதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் அந்த விதியை எழுதியவர்கள் வீரர்கள் கிடையாது.

ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் கதை இன்னும் கசப்பு. 2012-ல் வரித் தகராறில் அந்தக் கிளப் கவிழ்ந்தபோது, மற்ற ஊழியர்களின் வேலை போகாமலிருக்க வீரர்கள் சம்பளக் குறைப்புக்கு ஒத்துக்கொண்டார்கள். அதிகம் வாங்குகிறவர்களுக்கு 75 சதவீதம், நடுவில் இருப்பவர்களுக்கு 50, கீழே 25 என்று படிப்படியான வெட்டு. அப்படியும் பழைய நிறுவனம் பிழைக்கவில்லை. சில மாதம் கழித்து, புதிய நிறுவனத்துக்கு மாற மறுத்த வீரர்களை விசுவாசம் இல்லாதவர்கள் என்று திட்டினார்கள். முன்பு சம்பளத்தை விட்டுக்கொடுத்தவர்களும் அதில் இருந்தார்கள்.

இப்போது நிலவரம் என்ன?

2026 ஜனவரி தொடக்கத்தில் சுனில் சேத்ரி, குர்பிரீத் சிங் சந்து உள்ளிட்ட வீரர்கள் வீடியோ வெளியிட்டு ஃபிஃபாவின் உதவியைக் கேட்டார்கள். சில நாட்களில் மத்திய விளையாட்டு அமைச்சர் மன்சுக் மாண்டவியா, பிப்ரவரி 14 முதல் 14 கிளப்களோடு ஐஎஸ்எல் நடக்கும் என்று அறிவித்தார். வழக்கமான சீசனைவிடச் சுருக்கம், மொத்தம் 91 போட்டிகள்.

போட்டி குறைந்ததால் வருமானமும் குறையும் என்று சொல்லி, சில கிளப்கள் வீரர்களிடம் சம்பளக் குறைப்பு கேட்டன. கேட்பதில் தவறில்லை, ஒத்துக்கொள்வதிலும் தவறில்லை. ஆனால் அது எழுத்தில் இருக்க வேண்டும். எத்தனை மாதத்துக்கு, எவ்வளவு, வெட்டா அல்லது பிறகு தருவதா என்று தெளிவாக இருக்க வேண்டும். 'பிறகு தருகிறோம்' என்பதற்குத் தேதி போடாவிட்டால், பாக்கி எந்த நாளிலிருந்து தொடங்குகிறது என்று காட்டவே வீரரால் முடியாது. ஃபிஃபாவின் 'இரண்டு மாதம், 15 நாள்' விதி அந்தத் தேதியை வைத்துத்தான் ஓடுகிறது. ஐஎஸ்எல் வீரர்களின் ஒப்பந்தங்கள் வழக்கமாக மே 31-ல் முடிகின்றன. தேதி இல்லாத வாக்குறுதியோடு அந்த நாளைத் தாண்டுகிற வீரர், ஜூன் 1 அன்று அந்தக் கிளப்பின் ஊழியர்கூட இல்லை.