கமிஷனர்: ஒரு பதவிப் பெயரின் பயணம்

கமிஷனர் என்றதும் நமக்குக் காவல்துறையும் மாநகராட்சியும் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டை நடத்துபவருக்கும் அதே பெயர்தான். பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து அமைத்த போட்டிக் கூட்டமைப்பை அங்கே கான்ஃபரன்ஸ் என்பார்கள். அதன் தலைமை நிர்வாகி கமிஷனர்.

வேர் லத்தீன். 'மித்தெரே' என்றால் அனுப்புதல். 'கொம்' என்னும் முன்னொட்டோடு சேர்ந்த 'கொம்மித்தெரே', ஒருவரை நம்பி ஒன்றை ஒப்படைப்பதையும் குறித்தது. அந்த ஒப்படைப்பே கமிஷன். அதை ஏற்றவர் கமிஷனர். நம் ஊர் கமிஷன் மண்டியும் இதே வேரில் கிளைத்ததுதான். விவசாயி நம்பி இறக்கிய சரக்கை மண்டிக்காரர் விற்றுத் தருகிறார்; சரக்கு அவருடையதன்று.

விளையாட்டுக்குள் இப்பெயர் வேரூன்றியது பேஸ்பாலில். 1903 முதல் அதை நிர்வகித்தது 'நேஷனல் கமிஷன்' என்ற குழு. 1919ஆம் ஆண்டு இறுதித் தொடரில் சிகாகோ வைட் சாக்ஸ் ஆட்டக்காரர்கள் சூதாடிகளிடம் பணம் வாங்கித் தோற்றார்கள் என்ற புகார் ஆட்டத்தின் மானத்தையே உலுக்கியது. 1920 நவம்பரில் அணி உரிமையாளர்கள் கென்னசா மௌண்டன் லாண்டிஸ் என்ற நீதிபதியைத் தேர்ந்து, பெரும் அதிகாரத்தை அவர் கையில் கொடுத்தார்கள். குழு மறைந்தது, தனி மனிதர் கமிஷனர் ஆனார்.

கல்லூரிகளும் அதே பெயரை எடுத்துக்கொண்டன. 'பிக் டென்' கூட்டமைப்பு 1896இல் சிகாகோவில் பேராசிரியர்கள் கூடிப் பேசியதில் உருவானது. கான்ஃபரன்ஸ் என்றால் கலந்துபேசும் கூட்டம். கூட்டத்தின் பெயரே அமைப்புக்கும் நிலைத்தது. 1922இல் ஜான் கிரிஃபித் அதன் முதல் கமிஷனரானார். 1944இல் இறக்கும்வரை அப்பொறுப்பில் இருந்தார்.

இப்பதவி எவ்வளவு பெரிதாயிற்று என்பதற்கு ஜிம் டெலனியின் வாழ்க்கையே சான்று. வட கரோலினா பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்து ஆடியவர், சட்டம் படித்தவர், தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தில் விதிமீறல்களை விசாரித்தவர். 1979இல் ஒஹையோ வேலி கான்ஃபரன்ஸின் கமிஷனரானார். 1989இல் பிக் டென்னுக்கு வந்து, 30 ஆண்டுகள் அதை நடத்தினார். 2007இல் கூட்டமைப்புக்கென்றே தனித் தொலைக்காட்சி தொடங்கியது. உறுப்பினர்கள் 10இலிருந்து 14 ஆயினர். ஆனாலும் 'டென்' என்ற பெயர் மாறவில்லை.

இத்தனை செல்வாக்கிலும் புதிய உறுப்பினரைச் சேர்க்க வாக்களிக்கும் உரிமை பல்கலைக்கழகத் தலைவர்களிடமே இருந்தது. கமிஷனர் வழி காட்டலாம், பேரம் பேசலாம், வற்புறுத்தலாம், முடிவு ஒப்படைத்தவர்களுடையது. சொல்லின் வேர் பதவியின் அமைப்பில் இன்றும் உயிரோடிருக்கிறது.

தமிழில் இதற்கு ஆணையர் என்கிறோம். அதில் அதிகாரம் ஒலிக்கிறது; பொறுப்பு ஒலிக்கவில்லை. கல்லூரி விளையாட்டில் தொலைக்காட்சிப் பணம் கோடி கோடியாகக் கொட்டும் இந்நாளில் பொறுப்பையே நாம் அழுத்திச் சொல்ல வேண்டும். கமிஷனரிடம் ஆட்டத்தை ஒப்படைத்தவை பல்கலைக்கழகங்கள். அவற்றிடம் பிள்ளைகளை ஒப்படைத்தவர்கள் பெற்றோர். அந்தப் பிள்ளைகளின் படிப்பும் உடல்நலமும் அவர் காலத்தில் எப்படி இருந்தன என்பதை வைத்தே ஒரு கமிஷனரின் பணியை எடைபோட வேண்டும்.