கையடக்க இயக்கியும் தமிழ்ப் பாட்டின் பெயரும்

பாட்டைக் கையிற் கொண்டு செல்லும் கருவியின் வரலாற்றைப் பொறியியலார் பலர் எழுதியுள்ளனர். அக்கருவி தமிழ்ப் பாட்டின் பெயரை என்ன செய்தது என்னும் கேள்வியை அவர்கள் எழுப்பவில்லை. அது அவர்கள் வேலையும் அன்று. மொழியியலார் எழுப்ப வேண்டிய அக்கேள்வியை இவ்வுரையில் நாம் எடுத்துக்கொள்கிறோம். கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் தமிழ்ப் பாட்டு கேட்டு வளர்ந்தோர்க்கு இது அயலார் வரலாறு அன்று.

முதலில் சொல்லைப் பார்ப்போம். செவிக்குரியது ஒலி, கண்ணுக்குரியது ஒளி. ஒலிப்பதிவு, ஒளிப்பதிவு, ஒலிபரப்பு, ஒளிபரப்பு, ஒலிநாடா, ஒளிநாடா எனத் தமிழ் இவ்விரண்டையும் ஓர் எழுத்து வேறுபாட்டில் நிறுத்தியது. கலைச்சொல்லாக்கத்தில் இதனைவிட அழகிய இணை வேறில்லை என்று சொல்லத் தோன்றும். ஆனால் நம் பேச்சுவழக்கில் லகரமும் ளகரமும் பெரும்பாலும் ஒன்றாகிவிட்டன. ஒலிநாடா வேண்டுமென்று கடையில் கேட்டவரிடம் எந்த நாடா என்று கடைக்காரர் திருப்பிக் கேட்கும் நிலை. ஆகவே மக்கள் கேசட் என்றும் வீடியோ என்றும் சொல்லித் தப்பித்துக்கொண்டனர். ஏட்டில் வாழ்ந்த இணை நாவில் வாழவில்லை. பின்னர் ஒலியும் ஒளியும் ஒரே கருவிக்குள் புகுந்தபோது அதற்குத் தமிழ்ப்பெயர் வேரூன்றாமற் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது நம் கருத்து. எம்.பி.ஃபோர் என்றே இளையோர் அதனை அழைத்தனர்.

1963-ஆம் ஆண்டு இரண்டு செய்திகளுக்காக நினைவுகூரத் தக்கது. அவ்வாண்டு பெர்லின் வானொலிக் கண்காட்சியில் பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை அறிமுகப்படுத்தியது. அவ்வாண்டு டிசம்பர் 28-இல் நம் நாட்டுத் தொலைக்காட்சி கோலாலம்பூரில் தொடங்கிற்று. ஒலியைப் பையிலும் ஒளியை வீட்டிலும் வைத்துக்கொள்ளும் காலம் அவ்வாறு பிறந்தது. 1979 ஜூலை முதல் நாள் சோனி நிறுவனம் வாக்மேனை விற்பனைக்குக் கொணர்ந்தது. அதன் முதல் வடிவில் காதணிக்கருவி பொருத்த இரண்டு துளைகள் இருந்தன. கேட்போர் இருவரும் தம்முள் பேசிக்கொள்ள ஒரு பொத்தானும் இருந்தது. பாட்டை ஒருவர் தனியே கேட்பார் என்பதை அதனை வடிவமைத்தோரே முழுமையாக நம்பவில்லை போலும். பின்வந்த வடிவங்களில் அந்தப் பேச்சுப் பொத்தான் மறைந்தது. வானொலியைச் சுற்றி வீடே அமர்ந்த வழக்கம் முடிந்து, அவரவர் செவிக்கு அவரவர் பாட்டு என்றாயிற்று.

எனினும் கேசட்டுக்கு ஒரு நற்பண்பு உண்டு. அதன் பெட்டிக்குள் ஒரு தாள் இருந்தது. படத்தின் பெயர், இசையமைத்தவர், பாடியோர், பாட்டெழுதியவர் எனப் பலவும் அத்தாளில் அச்சாயின. பெரும்பாலும் தமிழிலும் அச்சாயின. தமிழ்நாட்டில் கடைக்காரரிடம் பட்டியல் கொடுத்து வெற்று நாடாவில் பாட்டுகளைப் பதிந்து வாங்கும் வழக்கம் இருந்ததை அறிவோம். அவ்வாறு பதிந்த நாடாவின் தாளில் யாரோ ஒருவரின் கையெழுத்தில் பாட்டின் முதற்சொற்கள் வரிசையாக நிற்கும். சங்க நூற் பதிப்புகளின் இறுதியில் பாட்டு முதற்குறிப்பு அகராதி அமைப்பது பதிப்பாசிரியர் மரபு. திரைப்பாட்டுக்கும் தலைப்பு தனியே கிடையாது, முதற்குறிப்பே பெயர். அறியாமலே அக்கடைக்காரர் அந்த மரபின் வழித்தோன்றல் ஆனார்.

எம்.பி.3 வந்தது. ஜெர்மனியின் ஃபிரான்ஹோபர் ஆய்வுக் கழகத்தார் முன்னின்று வளர்த்த நுட்பம் அது. கோப்பின் பின்னொட்டாக அப்பெயர் 1995-இல் முடிவாயிற்று. குறுந்தட்டில் ஒரு நொடி ஒலிக்கு ஏறத்தாழ 1411 கிலோபிட் வேண்டும். செவி உணராதவற்றைக் கழித்து, 128 கிலோபிட்டில் அதனை அடக்கினர். பதினொன்றில் ஒரு பங்கு. மிகக் குறைந்த வீதத்தில் அடக்கும்போது முதலில் இழப்புக்கு உள்ளாவன உயர் அதிர்வெண் ஒலிகள். எனவே ஸகரம், ஷகரம் போன்ற உரசொலிகள் மங்கின. நம் ழகரத்தின் தனித்தன்மையோ தாழ்ந்த அதிர்வெண் பகுதியில் உள்ளது, அது தப்பியது. வடவெழுத்து தேய்ந்து சிறப்பெழுத்து நின்றது என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

1998-இல் தென்கொரியாவின் சேஹான் நிறுவனத்து எம்பிமேன், முதல் எம்.பி.3 கருவிகளுள் ஒன்றாக வெளிவந்தது. அதே ஆண்டு வந்த ரியோ கருவியின் நினைவகம் 32 மெகாபைட்டு. அரைமணி நேரப் பாட்டு. சாலாக் செலாத்தான் வழியே ஸ்ரீ பெட்டாலிங் நோக்கி இலகு ரயில் ஓடத் தொடங்கியதும் அதே 1998-இல்தான். ரயிலில் அமர்ந்து காதில் கருவியைச் செருகிக்கொள்ளும் தலைமுறைக்கு இரண்டும் சேர்ந்தே கிடைத்தன. 2001 அக்டோபர் 23-இல் ஆப்பிள் நிறுவனம் 5 கிகாபைட்டு வட்டுடன் ஐபாடை அறிமுகப்படுத்தி, ஆயிரம் பாட்டுகள் பையில் அடங்கும் என்றது. அதற்கு முந்திய ஆண்டே சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 6 கிகாபைட்டு கருவியை வெளியிட்டிருந்தது என்பதைப் பலர் மறந்துவிட்டனர்.

ஆயிரம் பாட்டுள் ஒன்றைத் தேடுவது எவ்வாறு? பாடகர், பின்னர்த் தொகுப்பு, பின்னர்ப் பாட்டு எனப் படிப்படியாக இறங்கும் பட்டியல் முறை இதற்கு விடையாயிற்று. அம்முறைக்கான காப்புரிமை 2005-இல் கிரியேட்டிவ் நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. 2006 ஆகஸ்டில் ஆப்பிள் பத்துக் கோடி அமெரிக்க டாலர் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொண்டது. பட்டியல் யாருக்குச் சொந்தம் என்பதே அங்கு வழக்கு. அப்பட்டியல் யாருடைய இசைக்குப் பொருந்தும் என்று எவரும் வழக்காடவில்லை.

இங்கேதான் நம் பொருள் தொடங்குகிறது. எம்.பி.3 கோப்பின் கடைசியில் பாட்டின் விவரத்தைப் பொதிந்து வைக்கும் முறையை 1996-இல் வகுத்தனர். ஐடி3 என்பது அதன் பெயர். மொத்தம் 128 பைட்டு. அதில் அடையாளத்துக்கு 3, பாட்டின் பெயருக்கு 30, கலைஞருக்கு 30, தொகுப்புக்கு 30, ஆண்டுக்கு 4, குறிப்புக்கு 30, இசைவகைக்கு 1. கேசட்டுத் தாள் முழுவதும் இச்சிறு பெட்டிக்குள் போக வேண்டும்.

கலைஞர் என்றால் யார்? மேலைநாட்டு இசைத்தட்டில் பாடுபவரே பெரும்பாலும் அதன் உரிமையாளர். திரைப்பாட்டில் இசையமைப்பாளரா, பாடகரா, பாடகியா? ஒருவர் இளையராஜா என்று நிரப்பினார், மற்றொருவர் எஸ்.பி.பாலசுப்பிரமணியம் என்றார், இன்னொருவர் நடிகர் பெயரையே இட்டார். பாட்டெழுதியவருக்கோ இடமே இல்லை. 1998-இல் விரிவாக்கப்பட்ட இரண்டாம் வடிவில் பாடலாசிரியர்க்குத் தனியிடம் வகுக்கப்பட்டது; ஆயினும் கையடக்கக் கருவிகளின் பட்டியலில் அது காட்டப்படுவதில்லை. காட்டப்படாத இடத்தை யார் நிரப்புவர்? கண்ணதாசனை இசையமைப்பாளருக்கு நிகராகக் கொண்டாடிய சமுதாயத்தின் பாட்டுப் பட்டியலில் கண்ணதாசன் இல்லாமற் போனார். குறுந்தொகைப் புலவர் ஒருவரின் இயற்பெயர் தொலைந்து, பாட்டில் வந்த உவமையால் அவரைச் செம்புலப் பெயனீரார் என்கிறோம். ஏட்டுச்சுவடிக்கு அது நேர்ந்ததில் வியப்பில்லை. அச்சில் இருந்த பெயரைக் கணினிக் காலத்தில் இழந்ததே வியப்பு.

இசைவகைக்கு முதலில் வகுத்த எண்பது வகைகளுள் ஐரோப்பிய நாட்டுப்புற ஆட்டமாகிய போல்காவுக்கு ஓர் எண் உண்டு. கருநாடக இசைக்கு எண் இல்லை.

எழுத்தின் நிலை இன்னும் இடர்ப்பாடானது. அந்த 30 பைட்டு இடம் இலத்தீன் எழுத்தை எண்ணி அமைந்தது. அதில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட்டு. ஒருங்குறியின் யு.டி.எஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட்டு கொள்ளும். புள்ளிக்கும் மூன்று, கொம்புக்கும் மூன்று. விஸ்வநாதன் என்னும் பெயரை எண்ணிப் பார்ப்போம். பத்துக் குறியீடு, சரியாக முப்பது பைட்டு. முன்னெழுத்து எம்.எஸ். நுழைய இடமில்லை. அதற்கு முன் வழங்கிய திஸ்கி முதலிய எட்டுப்பிட்டு முறைகளில் இடம் மிஞ்சியது. ஆனால் கருவியில் அவ்வெழுத்துரு இல்லாமையால் திரையில் ஐரோப்பிய உச்சரிப்புக் குறிகளே அணிவகுத்தன. இரண்டாம் வடிவம் ஒருங்குறிக்கு இடமளித்தபோதும் மலிவுக் கருவிகள் பலவற்றில் கட்டங்களோ கேள்விக்குறிகளோ தோன்றின. தமிழெழுத்தை உடையனவும் ஒற்றைக்கொம்பை மெய்க்குப் பின்னே நிறுத்தின. நினைவகத்தில் மெய் முன்னும் கொம்பு பின்னும் இருக்கும்; காட்டும்போது இடம் மாற்ற வேண்டும். அந்த ஒரு விதி இல்லாத கருவியில் தென்றல் என்னும் சொல்லைப் படிக்க இயலாது.

ஆகவே பயனர் உரோமன் எழுத்துக்கு மாறினர். குறை சொல்ல நாம் முன்வரவில்லை. வேறு வழி இருக்கவில்லை. ஆனால் விளைவைக் கூற வேண்டும். இளையராஜா என்பதை உரோமனில் எழுதுகையில் எல் ஒன்றா இரண்டா, நடுவில் ஒய் மட்டுமா ஐயும் ஒய்யுமா, நெடிலுக்கு ஏ ஒன்றா இரண்டா என மூன்று ஐயங்கள். இவற்றாலேயே எட்டு வடிவங்கள் பிறக்கும். கருவிக்கோ எட்டும் எட்டு மனிதர். அகரமும் ஆகாரமும் ஒரே எழுத்தின்கீழ் வந்தன. ஈகாரம் சிலர்க்கு ஐயிலும் சிலர்க்கு ஈயிலும் போய்ச் சேர்ந்தது. ஒருங்குறியில் எழுதினாலும் வரிசை முழுமையாக நேராவதில்லை. குறியீட்டு எண்படி அடுக்கும் எளிய கருவி, ரகரத்தை அடுத்து றகரத்தையும் ழகரத்தின் பின் வகரத்தையும் வைக்கும். நெடுங்கணக்கு பயின்றவர் அங்கே தேடித் தடுமாறுவார்.

நம் நாட்டுக் கலைஞர்க்கு நேர்ந்தது தனியே சொல்லத் தக்கது. 2006-இல் யோகி பி, நட்சத்ரா குழுவினர் வல்லவன் என்னும் தமிழ்ச் சொல்லிசைத் தொகுப்பை வெளியிட்டனர். கோலாலம்பூரிலிருந்து புறப்பட்டுத் தமிழ்நாட்டையும் எட்டிய தொகுப்பு அது. அதே 2006-இல் தமிழ்நாட்டில் வல்லவன் என்றொரு திரைப்படமும் வந்தது. இசை யுவன் சங்கர் ராஜா. பெயரும் ஆண்டும் ஒன்று. தொகுப்புப் பெயரால் மட்டும் அடுக்கும் கருவியில் இரண்டும் கலந்து ஒரே வல்லவன் ஆகிவிடும். அத்தொகுப்பின் புகழ்பெற்ற மடை திறந்து, 1980-இல் வந்த நிழல்கள் படப் பாட்டை அடியொற்றியது. எனவே பாட்டின் பெயராலும் பிரித்தறிய முடியாது. கலைஞர் என்னும் 30 பைட்டு இடம் சரியாக நிரப்பப்பட்டிருந்தால் மட்டுமே மலேசியப் படைப்பு தன்னடையாளத்துடன் நிற்கும். நட்சத்ரா என்பதை உரோமனில் எத்தனை வகையாய் எழுதலாம் என்று அவையினரே எண்ணிக்கொள்ளலாம்.

ஒளி பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 2005 அக்டோபரில் ஐபாடு இரண்டரை அங்குலத் திரையில் படம் காட்டத் தொடங்கியது. சீனாவில் செய்த மலிவான எம்.பி.ஃபோர் கருவிகள் பின்தொடர்ந்தன, படத்தை ஏ.எம்.வி. போன்ற வடிவுக்கு மாற்றிக் குறுக்கியே அவற்றில் ஏற்ற வேண்டியிருந்தது. குறுந்தட்டுகளில் தமிழ்ப் படங்களின் அடியில் ஓடிய மலாய் மொழிபெயர்ப்பு அச்சிறு திரையில் எறும்பு வரிசையாயிற்று. அயல்மொழி நண்பருடன் பார்க்கும் வாய்ப்பு அதனால் குறைந்தது என்பதைத் தவிர, அக்கருவிகள் நம் மொழிக்கு நன்மையோ தீமையோ பெரிதாகச் செய்யவில்லை.

எழுத்துச் சிக்கலைத் தீர்க்க முயன்றோருள் நம்மவர் முன்னணியில் நின்றனர். முத்து நெடுமாறன் 1985 முதல் முரசு மென்பொருளை வளர்த்தார், 2001 ஆகஸ்டில் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரிலேயே கூடியது, 2005-இல் செல்லினம் கைப்பேசிக்குத் தமிழைக் கொணர்ந்தது, 2013-இல் ஐ.ஓ.எஸ். ஏழாம் பதிப்பில் தமிழ் விசைமுகங்கள் இடம்பெற்றன. கருவி தமிழை அறிந்துகொண்டபோது தனிப் பாட்டுக் கருவியின் காலம் முடியத் தொடங்கியிருந்தது. 2022 மே 10-இல் ஆப்பிள் ஐபாடுக்கு விடைகொடுத்தது. பாட்டுகள் இணைய ஓடைக்குச் சென்றன. உரோமன் பெயர்களும் பெருமளவில் உடன் சென்றன.

எஞ்சியிருப்பது வீடுகளில் உள்ளது. பிரிக்பீல்ட்ஸ் கடைகளிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் வாங்கிய ஒலிநாடாக்கள் பல கணினிக்கு மாற்றப்பட்டபின் எறியப்பட்டன. தாளும் உடன் போயிற்று. திரைப்பாட்டின் விவரத்தை வேறெங்கும் தேடி எடுக்கலாம். சில நூறு படிகளே வந்த உள்ளூர்ப் பாடகரின் நாடாவுக்கு அத்தாளே ஒரே ஆவணம். இத்தகைய கோப்பு எவரிடமேனும் இருப்பின் அதன் கடைசி 128 பைட்டுகளைத் திறந்து பார்க்கலாம். விவரம் எழுதப்பட்டிருந்தால் டி, ஏ, ஜி என்னும் மூன்றெழுத்தில் அது தொடங்கும். அடுத்த முப்பது இடங்களில் பாட்டின் பெயர் இருக்க வேண்டும். பெரும்பாலும் அங்கே டிராக் 01 என்றிருக்கும். கலைஞருக்கான முப்பது இடமும் சுழியமாக இருக்கும். தாளை இன்னும் வைத்திருப்போர் அதனைப் படியெடுத்து, பாட்டெழுதியவர் பெயரோடு தமிழிலேயே அக்கோப்பில் சேர்க்கலாம். இரண்டாம் வடிவில் அதற்கு இடமுண்டு. முப்பது பைட்டு என்னும் தளையும் அதில் இல்லை.