ஏரிக்கரைப் பூங்காவும் கரிச் சாக்கும்

ஓஹியோ மாநிலத்தின் வடக்கே, ஈரி ஏரியின் கரையில் இருக்கிறது லோரெய்ன். எஃகு ஆலையும் கப்பல் கட்டும் தளமும் வளர்த்தெடுத்த ஊர். ஹங்கேரி, போலந்து, இத்தாலி, மெக்சிகோ என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்களும், தென்மாநிலங்களின் இனவெறிக்குத் தப்பி வந்த கறுப்பின மக்களும் அங்கே பிழைக்க வந்தார்கள். இத்தகைய தொழில் நகரங்களின் வரலாறு பெரும்பாலும் ஆலை முதலாளியிலிருந்தே தொடங்கும். அங்கே வளர்ந்த ஒரு சிறுமி எந்தெந்த இடங்களை வைத்துத் தன் ஊரை அறிந்துகொண்டாள் என்பது அதில் வராது.

1931இல் லோரெய்னில் பிறந்த குளோயி வோஃபோர்டை உலகம் டோனி மாரிசன் என்று அறியும். அவருடைய முதல் நாவலான 'தி புளூயஸ்ட் ஐ' 1970இல் வெளிவந்தது. 1941ஐ ஒட்டிய லோரெய்ன்தான் அதன் களம். விடுபட்ட அந்த வரலாறாகவே அதை நான் வாசிக்கிறேன்.

அதில் ஆலை எப்படி வருகிறது என்று பாருங்கள். மாலையில் பெரியவர்களோடு சிறுமிகளும் ரயில் பாதைக்குப் போய், சிதறிக் கிடக்கும் நிலக்கரித் துண்டுகளைச் சாக்கில் பொறுக்குகிறார்கள். திரும்பி நடக்கையில், ஆலையின் கசடு கனன்றபடி பள்ளத்தில் கொட்டப்படுவது தெரிகிறது. ஊரையே தூக்கி நிறுத்திய ஆலை, குளிருக்குக் கரி பொறுக்கும் பிள்ளைக்குத் தொலைவில் தெரியும் ஒரு வெளிச்சம், அவ்வளவுதான்.

ஏரிக்கரைப் பூங்காவும் வருகிறது. நாவலில் அதற்குள் கறுப்பர்களுக்கு அனுமதியில்லை. அதனாலேயே அது சிறுமிகளின் கனவில் இடம்பிடித்துவிடுகிறது. ஏரியைப் பார்த்த பெரிய வீடுகளில் ஒன்றில் பெக்கோலாவின் தாய் சமையல் வேலை செய்கிறாள். அந்த வீட்டுக் குழந்தையிடம் காட்டும் கனிவைத் தன் மகளிடம் அவளால் காட்ட முடிவதில்லை. நீலக் கண்களுக்காக ஏங்கும் பெக்கோலாவின் குடும்பம் குடியிருப்பதோ பிராட்வேயும் முப்பத்தைந்தாம் தெருவும் சந்திக்கும் முனையில், ஒரு பழைய கடையில். பிற்காலத்தில் அந்தக் கட்டடத்தில் பீட்சா கடை இருந்தது, நிலம் விற்கும் அலுவலகம் இருந்தது. இந்தக் குடும்பம் அங்கே வாழ்ந்ததை நினைவில் வைத்திருக்க ஊரில் எவருமில்லை. முகவரியைத் தெருப்பெயரோடு மாரிசன் எழுதியது அதனால்தான் என்று நினைக்கிறேன். சாசனம் வெட்டுவதைப் போன்ற காரியம் அது.

அவருடைய சொந்தப் பிள்ளைப்பருவத்திலும் இப்படிப்பட்ட முகவரிகள் உண்டு. அவருக்கு இரண்டு வயதிருக்கும்போது, வாடகை கட்டவில்லை என்பதற்காக, குடும்பம் உள்ளே இருக்கும்போதே வீட்டுக்காரர் வீட்டுக்குத் தீ வைத்தார். மாத வாடகை 4 டாலர். உயிரின் விலை இவ்வளவுதானா என்று பெற்றோர் அழவில்லை. அந்த அபத்தத்தைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று மாரிசன் சொல்லியிருக்கிறார். இந்தச் சிரிப்பை வெறும் சகிப்புத்தன்மை என்று கடந்துவிட முடியாது. தங்களுக்கு மதிப்புப் போடும் உரிமையை வீட்டுக்காரரிடம் கொடுக்க மறுத்தவர்களின் சிரிப்பு அது. தந்தை ஜார்ஜ் வோஃபோர்ட் பற்றவைப்புத் தொழிலாளி. கப்பலில் ஒரு பற்று மிகச் சரியாக அமைந்தபோது, யார் கண்ணிலும் படாத அந்த இடத்தில் தன் பெயரின் முதலெழுத்துகளைப் பொறித்து வைத்தவர்.

மகளும் சிறுவயதிலேயே வேலைக்குப் போனாள். பள்ளி முடிந்ததும் ஒரு வீட்டைச் சுத்தம் செய்ய வேண்டும். வாரம் 2 டாலர் கூலி, அதில் பாதி அம்மாவுக்கு. வேலை கடினம் என்று முறையிட்டபோது, நீ வாழ்வது அந்த வீட்டில் அல்ல, இங்கே நம் மக்களோடு என்றார் தந்தை. நாவலில் வரும் தாய் இதற்கு நேர்மாறானவள். வேலை செய்யும் வீட்டையே தன் வீடாக்கிக்கொண்டவள். தந்தையின் அந்தப் பேச்சை மனதில் வைத்துக்கொண்டு படித்தால், அவளை வெறுக்க முடியவில்லை.

பதின்பருவத்தில் குளோயி லோரெய்ன் பொது நூலகத்திலும் வேலை பார்த்தார். 1993இல் நோபல் பரிசு கிடைத்த பிறகு, ஊர் தன் மகளைக் கொண்டாட விரும்பியது. சிலையோ தெருப்பெயரோ அவர் கேட்கவில்லை. மக்கள் உட்கார்ந்து படிக்க ஓர் அறை போதும் என்றார். 1995இல் அந்த நூலகத்திலேயே டோனி மாரிசன் வாசிப்பு அறை திறக்கப்பட்டது.