நிலவுப் படங்களும் கராஜில் தூங்கிய மெஷினும்

உங்க வீட்டு அலமாரியில ஒரு பழைய சிடியோ ஃப்ளாப்பியோ கண்டிப்பா இருக்கும். அதுல என்ன இருக்குன்னு பார்க்கணும்னா எந்த மெஷின்ல போடுவீங்க? டேட்டா ஸ்டோரேஜ்னாலே எத்தனை ஜிபின்னு கேட்டுத்தான் நமக்குப் பழக்கம். திருப்பிப் படிக்கிற கருவியைப் பத்தி யோசிக்கிறதே இல்லை. இதுல நாசாவே மாட்டிக்கிட்ட கதையைத்தான் இன்னிக்குச் சொல்லப்போறேன்.

1966, 67. அப்போலோ வீரர்கள் நிலவில் எங்கே இறங்கலாம் என்று பார்ப்பதற்காக, லூனார் ஆர்பிட்டர் என்ற பெயரில் ஐந்து விண்கலங்களை நாசா அனுப்பியது. டிஜிட்டல் கேமரா இல்லாத காலம். அதனால் ஒவ்வொரு கலத்துக்குள்ளும் ஃபிலிம் ரோல், அதை டெவலப் பண்ண ஒரு குட்டி லேப், ஸ்கேன் செய்ய ஒரு மெல்லிய ஒளிக்கற்றை எல்லாம் இருந்தன. ஒரு போட்டோ ஸ்டுடியோவையே மடிச்சு ராக்கெட்ல ஏத்தின மாதிரி! ஸ்கேன் ஆன படம் ரேடியோ சிக்னலாகப் பூமிக்கு வரும். இங்கே இரண்டு அங்குல அகல மேக்னடிக் டேப்பில் பதிவாகும்.

ஃபிலிம் திரும்பி வரவே இல்லை. கலங்கள் கடைசியில் நிலவிலேயே மோதி அழிந்தன. அப்போது உலகம் பார்த்த படங்கள், சிக்னலைத் திரையில் காட்டி, அதை மறுபடி ஃபிலிமில் பிடித்து, பட்டை பட்டையாக ஒட்டிச் செய்தவை. அந்த வேலையில் இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவே இருந்த நுணுக்கமான சாயல்கள் காணாமல் போயின. முழு விவரமும் மிச்சம் இருந்தது டேப்பில் மட்டும்தான். ஏறக்குறைய 1,500 டேப்.

அதைப் படிக்க ஆம்பெக்ஸ் எஃப்ஆர்-900 என்ற மெஷின் வேண்டும். பெரிய ஃப்ரிட்ஜ் அளவு, விலையும் எக்கச்சக்கம். அப்போலோ முடிந்தது, தொழில்நுட்பம் மாறியது, மெஷின்கள் ஒவ்வொன்றாகக் கழிக்கப்பட்டன. டேப் பத்திரமா இருக்கு, ஆனா படிக்க ஆள் இல்லை. பூட்டு இருக்கு, சாவியை எடைக்குப் போட்டாச்சு.

1980களில் இந்த டேப்களை வைத்திருப்பதா, தூக்கிப் போடுவதா என்ற கேள்வி ஜெட் ப்ரொபல்ஷன் லேபில் இருந்த நான்சி எவான்ஸ் என்பவரிடம் வந்தது. அவர் தூக்கிப் போட மறுத்துவிட்டார். அதோடு நிற்காமல் பழைய எஃப்ஆர்-900 மெஷின்களையும் தேடிப் பிடித்தார். அவற்றைச் சரிசெய்ய நிதி கிடைக்கவில்லை. மெஷின்கள் அவர் வீட்டு கராஜில் பல வருஷம் தூசி படிந்து கிடந்தன. என்னைக் கேட்டால் இந்தக் கதையின் ஹீரோ அவர்தான். ஒரு மெஷினைப் பத்திரமா வச்சிருந்ததுக்கு யாரும் மெடல் தர்றதில்லை, இல்லையா?

2007 வாக்கில் டென்னிஸ் விங்கோ, கீத் கோவிங் என்ற இருவருக்கு இந்த விஷயம் தெரியவந்தது. டேப்களும் மெஷின்களும் கலிஃபோர்னியாவில் உள்ள நாசா ஏம்ஸ் மையத்துக்கு லாரியில் வந்தன. அங்கே கிடைத்த இடம் எது தெரியுமா? மூடிக் கிடந்த ஒரு மெக்டொனால்ட்ஸ் கடை! அதற்கு மெக்மூன்னு பேரும் வச்சாங்க. தேய்ந்த ஹெட்களைப் புதுப்பிக்கணும், பாகங்களைத் தேடணும், சிக்னலைப் படமாக்கும் சர்க்யூட்டை மறுபடி உருவாக்கணும். பழைய அனலாக் மெஷின்களோடு பழகிய கைகள் இல்லாமல் இது நடந்திருக்காது. அப்படிப்பட்டவர்கள் அப்போதே ரிட்டயர் ஆகும் வயசில் இருந்தார்கள். இன்னும் ஒரு இருபது வருஷம் தள்ளிப் போயிருந்தால், மெஷின் இருந்தும் பயன் இருந்திருக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

2008 நவம்பரில் முதல் படம் வெளியானது. 1966 ஆகஸ்ட் 23 அன்று, நிலவின் விளிம்புக்கு மேலே பூமி தெரியும்படி எடுத்த படம் அது. அப்போலோ 8 எடுத்த புகழ்பெற்ற கலர் படத்துக்கு இரண்டு வருஷம் முந்தியது. பழைய பிரதியையும் புதியதையும் பக்கத்துல வச்சுப் பாருங்க: கறுப்புத் திட்டாகக் கிடந்த இடங்களில் இப்போது பள்ளமும் மேடும் தெரியும்.

மீட்ட படங்கள் டிஜிட்டலாகி, கோள்களின் தரவுகளைச் சேமிக்கும் நாசாவின் பிளானட்டரி டேட்டா சிஸ்டத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் நான்சி எவான்ஸ்.