வழக்கை வென்றவருக்குக் கிடைக்காத சம்பளம்

ஒரு கம்பனி வங்குரோத்து அடைந்தால் எஞ்சிய சொத்தில் முதற்பங்கு யாருக்கு என்பது பழைய கேள்வி. ஊழியரின் நிலுவைச் சம்பளத்துக்கு முன்னுரிமை உண்டு என்பதே பல நாடுகளின் சட்டங்கள் கூறிவந்த விடை. சர்வதேச தொழில் ஸ்தாபனத்தின் 1949ஆம் ஆண்டு வேதனப் பாதுகாப்புச் சமவாயம் அதைத்தான் சொல்கிறது. இலங்கையின் 2007ஆம் ஆண்டுக் கம்பனிகள் சட்டமும் அவ்வழியே செல்கிறது. ஆயின், முன்னுரிமை என்பது வரிசையில் ஓர் இடம் மாத்திரமே. பெட்டகம் வெறுமையாயின் வரிசையின் முன்னே நின்றவரும் பின்னே நின்றவரும் ஒன்றுதான். ஆலை மூடல்கள் பற்றிச் செய்தி எழுதிய நாட்களில், "உங்களுக்குத்தான் முன்னுரிமை" என்று ஊழியருக்கு ஆறுதல் கூறப்படுவதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். கூறியவர்கள் எவரும் தமது சம்பளத்துக்காகக் காத்திருந்தவர்கள் அல்லர்.

வெறும் பெட்டகத்துக்கு மாற்று வழி கண்டது ஐரோப்பா. பிரான்ஸின் பெசான்சோன் நகரில் இருந்த லிப் கைக்கடிகாரத் தொழிற்சாலை 1973இல் நிலைகுலைந்தது. தொழிலாளர்கள் அதைக் கைப்பற்றினர். ஆயிரக்கணக்கான கடிகாரங்களை மறைத்து வைத்தனர். தாமே உற்பத்தி செய்து, தாமே விற்று, தமக்குத் தாமே சம்பளம் வழங்கிக்கொண்டனர். ஆகஸ்ட் மாதத்தில் பொலிஸார் அவர்களை வெளியேற்றினர். செப்டெம்பர் 29ஆம் திகதி ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் அந்நகரில் ஊர்வலம் சென்றனர். அவ்வாண்டு டிசெம்பர் 27இல் பிரான்ஸ் ஒரு சட்டத்தை இயற்றியது. முதலாளிகள் எல்லோரும் பங்களிப்புச் செலுத்தும் ஏற்பாடு அது. ஒரு முதலாளி வீழ்ந்தால் அவரது ஊழியரின் நிலுவையை, குறித்த உச்ச வரம்புக்குள், அந்த நிதியே வழங்கும். பின்னர் ஊழியரின் இடத்தில் நின்று வீழ்ந்த கம்பனியிடம் அக்கடனைக் கோரும். அதாவது, காத்திருக்கும் சுமை ஊழியரின் தோளிலிருந்து இறக்கப்பட்டது. ஜேர்மனி 1974இலும் பிரித்தானியா 1975இலும் தத்தம் வழியில் இத்தகைய சட்டங்களைக் கொண்டுவந்தன. 1980 ஒக்டோபர் 20இல் ஐரோப்பியப் பொருளாதார சமூகம், இத்தகைய உத்தரவாதத்தை அங்கத்துவ நாடுகள் யாவும் ஏற்படுத்த வேண்டுமெனப் பணிப்பாணை பிறப்பித்தது. அதற்கான இறுதித் திகதி 1983 ஒக்டோபர் 23.

இத்தாலி அத்திகதியைக் கடந்துபோக விட்டது. 1989இல் ஐரோப்பிய நீதிமன்றம் அதைக் குற்றங்கண்ட பின்னரும் அசையவில்லை.

இந்த இடத்தில்தான் அந்திரேயா பிரான்கோவிச் என்ற தொழிலாளி வரலாற்றில் நுழைகிறார். வீச்சென்சா நகரின் சிறிய மின்னணுவியல் நிறுவனமொன்றில் பணிபுரிந்த அவருக்கு அவ்வப்போது சிறு தொகைகளே சம்பளக் கணக்கில் கிடைத்தன. உள்ளூர் நீதிமன்றம் ஏறத்தாழ 60 இலட்சம் லீராவை வழங்குமாறு முதலாளிக்குக் கட்டளையிட்டது. அறவிடச் சென்ற பிஸ்கால் அதிகாரி வெறுங்கையுடன் திரும்பினார். அயலிலுள்ள பஸ்ஸானோ தெல் கிராப்பாவில் 1985இல் வங்குரோத்தான ஆடைத் தொழிற்சாலையொன்றின் ஊழியர்கள் 34 பேரும் இதே நிலையில் இருந்தனர். 25 கோடி லீராவுக்கு மேல் அவர்களுக்கு வரவேண்டியிருந்தது. ஐந்து ஆண்டுகளுக்குப் பின்னரும் ஒரு சதமேனும் வரவில்லை. பகுதியளவிலேனும் கிடைக்கும் சாத்தியம் அறவே இல்லையெனச் சொத்துப் பொறுப்பாளர் அறிவித்துவிட்டார்.

இவர்கள் எல்லோரும் முதலாளியை விட்டு இத்தாலிய அரசின் மீதே வழக்குத் தொடுத்தனர். 1991 நவம்பர் 19ஆம் திகதி லக்சம்பேர்க்கில் தீர்ப்பு வெளியானது. பணத்தை எந்த நிறுவனம் வழங்கும் என்பதை அரசே தீர்மானிக்கப் பணிப்பாணை விட்டுவிட்டதால், அதை வைத்து நேரடியாகப் பணம் கோர முடியாது. ஆனால், பணிப்பாணையைச் சட்டமாக்கத் தவறியதால் ஊழியருக்கு விளைந்த நட்டத்துக்கு அரசு ஈடுசெய்யக் கடமைப்பட்டது. ஒப்பந்தங்களின் வாசகத்தில் எங்கும் எழுதப்படாத இக்கோட்பாடு ஐரோப்பியச் சட்டத்தின் தூண்களுள் ஒன்றாயிற்று. இத்தாலி 1992 ஜனவரி 27இல், எட்டாண்டுத் தாமதத்தின் பின், அவசர அவசரமாகச் சட்டத்தைக் கொண்டுவந்தது.

பிரான்கோவிச்சுக்கு? அவரது முதலாளி, இத்தாலியச் சட்டப்படி, கடன்காரர் அனைவருக்குமான கூட்டு வங்குரோத்து நடவடிக்கைக்கு உட்படுத்தக்கூடியவர் அல்லர். அத்தகையோரின் ஊழியரைப் பணிப்பாணை காக்காது என 1995 நவம்பர் 9இல் அதே நீதிமன்றம் கூறிவிட்டது. சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றும் அவர் பெயரில் படிக்கின்ற பாதுகாப்பு அவருக்கே எட்டவில்லை. ஆடைத் தொழிற்சாலை ஊழியரின் வழக்கோ, கணக்கிடும் காலவரம்பு பற்றிய தகராறாக மாறி, 1997இல் மீண்டும் லக்சம்பேர்க் சென்றது.

புலம்பெயர்ந்த நம்மவர் அறிந்துவைக்க வேண்டிய இன்னொரு தீர்ப்பும் உண்டு. வதிவிட அனுமதி கிடைக்கு முன்னரே ஐரோப்பிய உணவகச் சமையலறைகளில் இரவு பகலாக உழைத்தோர் நம்மிடையே எத்தனை பேர்! நெதர்லாந்தில் அவ்வாறு அனுமதியின்றி இருந்த துருக்கியர் ஒருவரின் முதலாளி 2008இல் வங்குரோத்தானபோது, சட்டபூர்வ வதிவாளர் அல்லர் என்பதற்காக அவருக்கு உத்தரவாதத் தொகை மறுக்கப்பட்டது. அந்நாட்டுச் சிவில் சட்டம் அவரைச் சம்பளத்துக்கு உரித்துடைய ஊழியராக ஏற்பதால், வதிவிட நிலையைக் காரணம் காட்டி அத்தொகையை மறுக்கவியலாது என 2014 நவம்பர் 5ஆம் திகதி நீதிமன்றம் தீர்ப்பளித்தது.